ஓலைப் பெட்டி முடையக் கற்றேன்

பெட்டி, கடகம், கொட்டான், வட்டி என்று பனையோலைக் கலங்களுக்குத் தமிழில் எத்தனை பெயர்! ‘வட்டி’ சங்கப் பாடல்களிலேயே வரும் சொல். இந்தப் பெயர்களை முப்பது வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தவன் நான். ஆனால் ஒரு பெட்டியை எப்படி முடைவது என்று 62 வயது வரை தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என் விஷயத்தில் சரியாகப் போச்சு.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது, பனையேறும் குடும்பத்து ஆயா ஒருவரிடம் கேட்டேன். “ஏன் நயினாரே, கல்கத்தாவுல பிளாஸ்டிக் கூடை கிடைக்கலையா?” என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பெட்டிக்கு விரியாத குருத்தோலைதான் வேண்டும். முற்றிய ஓலை கூரைக்கும் விசிறிக்கும் ஆகும், மடித்தால் ஒடியும். குருத்தை விரித்து, பச்சை மாறி வெளுக்கும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலமாக வகிர வேண்டும். முடையும்முன் தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சொன்னபடி வளையும்.

நீளவாக்கில் 6, குறுக்கே 6 ஓலை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னினால் சதுரமான அடிப்பாகம் வரும். அதன் நான்கு முனைகளே பெட்டியின் மூலைகள் என்று நினைத்தேன். தப்பு! ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இருக்கிற இரண்டு ஓலைகளை ஒன்றின்மேல் ஒன்று மாற்றிப் பின்னினால் அங்கேதான் மூலை எழும்பும். அதனால்தான் சுவரில் ஓலை சாய்வாக ஓடுகிறது. வேண்டிய உயரம் வந்ததும் நுனிகளை மடித்து, பின்னலுக்குள்ளேயே செருகிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்து வெட்டும்போது அதில் கத்தி பட்டால் மரமே செத்துப்போகும். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்து எடுக்கவும் கூடாது. கொல்லாமை பேசும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தப் பாடம் அவரிடம்தான் கிடைத்தது.

சமண முனிவர் பாடிய நாலடியார், உயர்ந்த நட்புக்குப் பனையை உவமை சொல்கிறது. விதை நட்ட அன்றோடு சரி. பிறகு தினமும் கவனிக்க வேண்டாம், தானே வளரும். நாம்தான் அந்த நட்பை விட்டுவிட்டோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. நல்லதே. ஆனால் ஓலையின் பயன் தெரிந்த கை இல்லாத ஊரில், பனை வெறும் விறகாகத்தானே கண்ணில் படும்?

வங்காளத்திலும் இதே மரம் ‘தால்’ என்ற பெயரில் நிற்கிறது. நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊருக்குப் போகும்போது, ஓலை பின்னத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு அரைநாள் உட்காருங்கள். நான் முடைந்த முதல் பெட்டி ஒரு மூலை கோணலாக என் கடை மேசையில் இருக்கிறது. பில்களைப் போட்டு வைக்கிறேன். இரண்டாவதுக்கு ஓலை நனைந்துகொண்டிருக்கிறது.