நோயின் பெயர் தெரியவரும் முன்னே

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால், ஏறாவூர் வருவதற்கு முன்பே தன்னாமுனை வந்துவிடும். இந்த வாவிக்கரை ஊரிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போக அதிக நேரம் பிடிக்காது. ஆனால் இடுப்பிலும் தொடையிலும் பெலன் குறைந்துகொண்டே வருகிற ஒருவருக்கு, அது ஏன் என்று தெரியவரும் வழி அவ்வளவு குறுகியதல்ல. முதல் இரத்தப் பரிசோதனைகள் நகரில் முடியும். நரம்பியல் நிபுணரின் கிளினிக்குக்குத் திகதி கிடைக்க வேண்டும். தசைத்துண்டுப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை என்று வந்தால் பேச்சு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கொழும்புக்கும், சில வேளை அங்கிருந்து இந்திய ஆய்வுகூடங்களுக்கும் போய்விடும். மாதங்கள் வருடங்களாகும். அதுவரை வீட்டிலும் அயலிலும், சில வேளை வைத்தியசாலையிலுங்கூட, ஒரே பதில்தான்: "முடிவு வரட்டும், பிறகு பார்ப்பம்." இந்தப் பதில் பிழையானது. தசைச் சிதைவு நோயாளிக்குச் செய்ய வேண்டிய பராமரிப்பில் பெரும்பகுதிக்கு நோயின் சரியான பெயர் தேவையில்லை. அதைப் பெயருக்காகத் தள்ளிப்போடுவதால் வரும் இழப்பைப் பெயர் கிடைத்த பின்னர் ஈடுசெய்யவும் முடியாது.

தாமதம் எங்கள் வசதிக் குறைவால் மட்டும் வருவதல்ல. சிறுவர்களைப் பீடிக்கும் தசைச் சிதைவு நோய்களில் மிகப் பரவலானது டுஷென் வகை. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு என்பது பொதுக் கணக்கு. அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், பெற்றோர் முதல் அறிகுறியைக் கவனித்தது சராசரியாக இரண்டரை வயதில். நோய் உறுதியானது ஏறக்குறைய ஐந்து வயதில். அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே இரண்டரை வருட இடைவெளி. காரணம் இயந்திரங்கள் இல்லாமையல்ல, சந்தேகம் வராமை. பிள்ளை பிந்தி நடக்கிறது, அடிக்கடி விழுகிறது, குதிக்கத் தெரியவில்லை, கெண்டைக்கால் பருத்திருக்கிறது என்றால் "ஆம்பிளப் பிள்ளை, போகப் போகச் சரிவரும்" என்று ஆறுதல் சொல்லிவிடுகிறோம். முன்னைய தலைமுறை இதை இளம்பிள்ளை வாதம் என்று எண்ணியது. இலங்கையில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். அதற்குப் பின் பிறந்த எந்தப் பிள்ளையின் தடுமாற்றத்துக்கும் அந்த விளக்கம் பொருந்தாது.

சந்தேகம் வருவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தரையில் இருந்து எழும்பச் சொன்னால் பிள்ளை முதலில் கைகளையும் கால்களையும் ஊன்றி, பிறகு கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாறிமாறி வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல நிமிரும். லண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் 1879இல் விவரித்த இந்த அடையாளத்தைப் பாயில் இருந்து எழும்பும் பிள்ளையிடம் எந்தத் தாயும் பார்க்கலாம். அடுத்தது கிரியேட்டின் கைனேஸ் என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை, சுருக்கமாக சி.கே அல்லது சி.பி.கே என்பார்கள். தசை நாரின் சவ்வு கிழியும்போது இரத்தத்தில் கசியும் நொதி இது. டுஷென் பிள்ளைகளில் இது வழமையான உச்ச அளவைப்போல் பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கும். இங்கே ஒரு பொறியும் உண்டு. ஈரல் நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி நொதிகள் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்து அவை கூடும்போது ஈரலில்தான் கோளாறு என்று எண்ணி, அதற்கே மாதக்கணக்கில் சோதனை செய்யப்பட்ட பிள்ளைகள் உலகெங்கும் உண்டு; சிலருக்கு ஈரலிலிருந்து துண்டெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஈரல் நொதி கூடியிருக்கிறது, ஆனால் மஞ்சட்காமாலை இல்லை, பிள்ளை நடையில் தடுமாறுகிறது என்றால் சி.கேயைக் கேட்டு வாங்க வேண்டும். சி.கே சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். முகமும் தோளும் மெலியும் வகையிலும், பிடித்த கையை உடனே விரிக்க முடியாத மயோட்டோனிக் வகையிலும் அது இயல்பாகவோ சற்றுக் கூடியோ இருக்கலாம்.

பெயர் வேண்டியதில்லை என்று நான் சொல்லவரவில்லை. மிக வேண்டும், அதுவும் வளர்ந்தவர்களுக்கு இன்னும் வேண்டும். தோளுக்கு மேல் கை தூக்க ஏலாமை, படியேற ஏலாமை என்று வரும் நாற்பது வயதுக்காரருக்கு இருப்பது தசைச் சிதைவுதான் என்ற முடிவுக்கு ஓடுவது ஆபத்து. தைரொயிட் குறைபாடு, விற்றமின் டி குறைபாடு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைதல், கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், தசை அழற்சி, பின்னேரமானால் இமை தொங்கும் மயஸ்தீனியா கிராவிஸ் ஆகிய எல்லாமே இதே ஏலாமையைத் தரக்கூடியவை, எல்லாவற்றுக்கும் பரிகாரமும் உண்டு. மறுபக்கமும் உண்டு. டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் இல்லாததால் வரும் பரம்பரைத் தசைச் சிதைவைத் தசை அழற்சி என்று எண்ணி, வருடக்கணக்கில் ஸ்டீரொயிட் கொடுத்துப் பயன் காணாத கதை மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே ஸ்டீரொயிட் டுஷென் பிள்ளையின் நடையைச் சில வருடங்கள் நீட்டித்துத் தரும். ஒரே மாத்திரை ஓரிடத்தில் துணை, இன்னோரிடத்தில் வீண்சுமை. ஆகவே தேடலை நிறுத்தக் கூடாது. தேடல் நடக்கும்போதே பராமரிப்பும் நடக்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

"சுகப்படுத்த மருந்து இல்லாத வருத்தம்தானே, என்ன செய்து என்ன?" என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. இதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பதிவுகளே பதில். 1960களில் அங்கே டுஷென் நோயாளிகள் இறந்த சராசரி வயது 14.4. 1990க்குப் பின் வீட்டிலேயே இரவில் சுவாசக் கருவியின் துணை பெற்றவர்களுக்கு அது 25.3 என்று 2002இல் வெளியான ஆய்வு சொன்னது. நோயைச் சுகப்படுத்தும் மருந்து எதுவும் இடையில் வரவில்லை. மூச்சு குறைவதை நேரத்தோடு கண்டதும், அதற்குத் துணை கொடுத்ததும், முதுகையும் இருதயத்தையும் கவனித்ததும் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாழ்வைத் தந்தன. பிரான்சில் இருதயச் செயற்பாடு இன்னும் நன்றாகவே இருந்த, பத்து வயதை ஒட்டிய 57 டுஷென் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பெரிண்டோபிரில் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கினார்கள். பத்து வருடத்துக்குப் பின் அந்தப் பகுதியில் நூற்றுக்கு 93 பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றப் பகுதியில் 66 பேர்தான். அது விலை கூடிய மருந்தல்ல. தீர்மானித்தது எப்போது தொடங்கினார்கள் என்பதுதான். மூச்சு எவ்வளவு என்று ஊதிப் பார்க்கவும், இருதயத்துக்கு ஈ.சி.ஜி, எக்கோ எடுக்கவும் மரபணு முடிவு வரும்வரை இருக்க வேண்டியதில்லை. காரணம் தெரியாத தசைப் பெலவீனம் என்ற குறிப்பு ஒன்றே அவற்றுக்குப் போதுமானது.

சொல்லப்போனால், பெயர் தெரியாத காலத்தில்தான் சில ஆபத்துகள் கூடுதல். சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெதோனியம் என்ற மருந்து இந்த நோயுள்ள பிள்ளைகளில் பொட்டாசியத்தைச் சடுதியாக உயர்த்தி இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். நன்றாக இருப்பதாக எண்ணப்பட்ட சிறுவர்கள் சிலருக்கு மயக்க மருந்தின்போது இப்படி நேர்ந்து, பின்னரே அவர்களுக்குத் தசை நோய் இருந்தது தெரியவந்ததால்தான் 1990களில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. சுவாசிக்கும் மயக்க வாயுக்கள் சிலவும் இவர்களுக்கு உகந்தவையல்ல. உடைந்த கையைச் சரிபார்ப்பதற்கோ குடல்வாலுக்கோ அவசரமாகத் தியேட்டருக்குள் போக நேர்ந்தால், "இவருக்குத் தசை நோய் சந்தேகம் உண்டு" என்ற ஒரு வரி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுத எந்த ஆய்வுகூடத்தின் முடிவும் தேவையில்லை.

அன்றாட வாழ்வைப் பற்றி அயல் தரும் புத்திமதி இரண்டு வகை. ஒன்று, "ஆடாம அசையாம இரு". மற்றது, "சோம்பலை விட்டுட்டு நல்லா வேலை செய், பெலன் வரும்". இரண்டுமே கெடுதி செய்பவை. கோப்பன்ஹேகன் வைத்தியர்கள் டுஷெனைவிட மெதுவான பெக்கர் வகையிலும், இடுப்புத் தோள் தசைச் சிதைவின் ஒரு வகையிலும் பன்னிரண்டு வாரம் மிதமான சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2007இலும் 2008இலும் வெளியான அந்த ஆய்வுகளில் உடற்திறன் கூடியது, தசைக்குச் சேதம் வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே அசையாமல் இருப்பது மருந்தல்ல. அதேவேளை தசை சுருங்கியபடியே நீளும் வேலைகள், பாரத்தோடு படியிறங்குவதும் குந்தி எழும்புவதும் போன்றவை, சவ்வு பலமில்லாத தசையை அதிகம் கிழிக்கும். தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவருக்கும், வயலில் குனிந்து நிமிர்கிறவருக்கும், கிணற்றில் வாளி இழுக்கிறவருக்கும் இது வெறும் உடற்பயிற்சிப் பாடமல்ல, பிழைப்பைப் பற்றிய கேள்வி. அடுத்த நாளும் போகாத தசைநோவு, தேயிலைச் சாயம்போலக் கறுத்த சிறுநீர் என்பவை அளவு மீறிவிட்டதன் அடையாளம். சிறுநீர் கறுத்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குதிக்கால் தசைநாணை ஒவ்வொரு நாளும் நீட்டிவிடுவது, இரவில் பாதத்தைத் தாங்கும் மட்டையைக் கட்டுவது, உடம்பு நிறை கூடாமல் பார்ப்பது, குந்து மலசலகூடத்தின் மேல் நாற்காலி ஒன்றை வைப்பது, பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறுவது ஆகிய எல்லாம் இன்றே தொடங்கக்கூடியவை. கால் முறிந்தால் வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்கக் கூடாது. நடையின் விளிம்பில் நிற்கும் பிள்ளை அந்த ஓய்வில் நடையையே இழந்துவிடும். இதை முறிவு வைத்தியரிடம் போகும் குடும்பங்கள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

குடும்பத்துக்குச் சொல்லலாமா என்ற கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. மட்டக்களப்பில் குடி என்ற குலம் தாய்வழியாக வருகிறது. சீதன வீடு மகளுக்குப் போவதால் அக்கா தங்கச்சிமார் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வளவுகளிலேயே வாழ்கிறார்கள். டுஷென், பெக்கர் நோய்களின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைத் தாங்குகிற தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் தாங்கியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மரபியல் ஆலோசகர் கேட்பது தாய்மாமன்மாரைப் பற்றியும் பெரியம்மா சின்னம்மாவின் ஆண்பிள்ளைகளைப் பற்றியும். அம்மம்மாவின் தாய் வரைக்கும் வழி சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். எந்த ஆய்வுகூடமும் தர முடியாத தகவல் அது. அவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். மச்சான் மச்சாள் கலியாணம் நடந்த குடும்பமானால் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தாயும் தகப்பனும் ஒருசேரக் கடத்தும் வகைகளும் உண்டு.

"சொன்னால் குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் என்னாவது?" என்று கேட்பவர்களின் பயம் பொய்யல்ல, இந்தச் சமூகத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மௌனம் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதில்லை. தன் மகன் விழத் தொடங்கும் நாளில்தான் அவள் அதை அறியவருவாள். தாங்கிகளில் சிலருக்கு இருதயத் தசையும் பழுதாகும். அவளுக்கே எக்கோ தேவைப்படலாம். பரிசோதிப்பதா இல்லையா என்பதை அவள் வயது வந்தபின் தானே தீர்மானிக்கட்டும். அந்த உரிமையை அவளுக்கு விட வேண்டுமென்றே மரபியல் ஆலோசகர்களும் சொல்கிறார்கள். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டும். தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கும் இடமில்லை. மூன்றில் ஒரு பங்கு டுஷென் பிள்ளைகளில் இந்த மரபணு மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது, தாயிடமிருந்து வருவதே இல்லை.

அடுத்தது காசு. எல்லா மரபணுக்களையும் வாசிக்கும் பெரிய பரிசோதனைக்குக் கடன்படுமுன், டுஷென் சந்தேகம் உள்ள பிள்ளைக்கு எம்.எல்.பி.ஏ என்ற எளிய பரிசோதனையே பத்தில் ஏழு பேருக்கு விடை தந்துவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு ஆலோசனைக்கு நெடுங்காலமாக அறியப்பட்ட இடம். பெரிய பரிசோதனையும் எல்லோருக்கும் விடை தருவதில்லை. இடுப்பிலும் தோளிலும் காரணம் தெரியாத பெலவீனம் உள்ள 1,001 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் காரணம் கிடைத்தது. மற்றப் பாதிப் பேருக்கு அந்த ஆய்விலும் நோயின் பெயர் கிடைக்கவில்லை. பெயர் வந்த பிறகே பராமரிப்பு என்றால் அவர்களுக்கு எப்போது பராமரிப்பு? நிதி சேர்த்து அமெரிக்க மரபணுச் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று நம்பும் குடும்பங்களும் உண்டு. 2023இல் அங்கே அனுமதி பெற்ற எலெவிடிஸ் ஊசியின் விலை 32 இலட்சம் டொலர்; நடக்க முடியாத நிலையில் அதைப் பெற்ற சிறுவர்கள் ஈரல் செயலிழந்து இறந்ததால் 2025இல் அதன் பாவனை கட்டுப்படுத்தப்பட்டது. அந்த நம்பிக்கையில் இன்றைய எக்கோவைத் தவறவிடக் கூடாது.

அரசின் உதவியும் பெயருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வாழ்வின் தேவைகளைத் தானே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவுசெய்ய முடியாதவரைப் பற்றித்தான் பேசுகிறது. எந்த மரபணு என்று கேட்கவில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகக் கிளினிக் கொப்பியும் வைத்தியரின் கடிதமும் போதும். தமிழ்நாட்டில் சேலத்து வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் இருவரும் தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்தபடியே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப் போன்றவர்களுக்குப் பராமரிப்புக் கொடுத்தார்கள். 2017இல் மாதேவி காலமானார். அவர்கள் தொடங்கியது மரபணு ஆய்வுகூடமல்ல, உடற்பயிற்சிச் சிகிச்சையும் தங்கிப் பராமரிப்பு பெறும் இடமும். மட்டக்களப்பில் மாதத்துக்கு ஒரு நாள், நரம்பியல், இருதயம், சுவாசம், உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகிய நான்கையும் ஒரே காலையில் பார்க்கும் தசை நோய்க் கிளினிக் ஒன்று இருந்தால், வாவியின் எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலிருந்தும் வரும் குடும்பங்கள் நான்கு தரம் கூலியை இழக்க வேண்டியிருக்காது. அதைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

அது வரும்வரை, உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் வெறுங்கையோடு திகதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். சி.கே பார்த்தாயிற்றா, எக்கோ எப்போது, மூச்சுப் பரிசோதனை எப்போது, உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கடிதம் தருவீர்களா என்று கேளுங்கள். மயக்க மருந்து எச்சரிக்கையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.