தேடிப் போக வேண்டாம்... செய்தி தேடி வரும்!

குட்டீஸ்! உங்களுக்குப் பிடித்த இணையதளங்கள் பத்து இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒன்றில் விண்வெளி, ஒன்றில் செஸ், ஒன்றில் கதைகள். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க, தினமும் பத்துக்கும் போய் வர வேண்டும். பல நாள் ஏமாற்றம்தான் மிஞ்சும்!

அந்தக் கவலை வேண்டாம். இருக்கவே இருக்கிறது, 'செய்தியோடை'. ஆங்கிலத்தில் 'ஆர்.எஸ்.எஸ். பீட்' என்பர்.

எப்படி வேலை செய்கிறது?

பல இணையதளங்கள், புதிய கட்டுரைகளின் தலைப்பு, தேதி, முகவரி அடங்கிய பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கும். 'பீட் ரீடர்' என்ற மென்பொருள், நீங்கள் சொன்ன தளங்களின் பட்டியலை அவ்வப்போது போய்ப் பார்க்கும். புதியவற்றை மட்டும் ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டும். பேப்பர் போடும் அண்ணன் வாசலில் போட்டுவிட்டுப் போவது போலத்தான்!

பதினான்கு வயதில் சாதனை

இதன் முதல் வடிவத்தை 1999ல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.,யில் படித்தவர். 2000ம் ஆண்டு டிசம்பரில் 1.0 வடிவம் வந்தது. அதை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவனும் இருந்தான். அப்போது அவனுக்கு வயது 14தான்!

தேர்வு உங்களுடையது

சமூக வலைதளங்களில் நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கணினியே முடிவு செய்கிறது. நம்மை நீண்ட நேரம் உட்கார வைப்பதே அதன் நோக்கம். செய்தியோடையில் அப்படி இல்லை. நீங்கள் கேட்டது மட்டுமே வரும். படித்து முடித்தால் எழுந்து விளையாடப் போகலாம். பிடிக்கவில்லையா? பட்டியலில் இருந்து நீக்கிவிடலாம். ஒவ்வொரு தளத்துக்கும் இ-மெயில் முகவரி தரவும் வேண்டாம்.

பலரும் பயன்படுத்திய 'கூகுள் ரீடர்' 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆனாலும், செய்தியோடை வற்றவில்லை. பட்டியல்கள் அந்தந்த இணையதளங்களிலேயே இருப்பதால், வேறு ரீடருக்கு மாறினால் போதும். 'பாட்காஸ்ட்' ஒலி நிகழ்ச்சிகளும் இதே வழியில்தான் வருகின்றன.

நீங்களும் தொடங்கலாம்

அப்பா, அம்மாவிடம் சொல்லி, 'பீட்லி' அல்லது 'தண்டர்பேர்ட்' போன்ற ஒன்றை அமைத்துத் தரச் சொல்லுங்கள். பிடித்த தளத்தில் ஆரஞ்சு நிறச் சதுரத்துக்குள் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளும் தெரிகிறதா? அதுதான் அடையாளம். அந்த முகவரியை ரீடரில் சேர்த்துவிடுங்கள். விண்வெளிப் பிரியர்கள் நாசாவில் இருந்து தொடங்கலாம்.

முதலில் ஐந்து தளங்கள் போதும், குட்டீஸ். ஓடை வெள்ளமாகிவிட்டால் படிக்க முடியாதே!