நேரம் தவறும் கோள்: எக்ஸெல்லில் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல்லைத் திறந்து, பால் கணக்கு, கரண்ட் பில் என்று நாலு வரி டைப் செய்துவிட்டு அப்படியே மறந்து போனவர்கள் நம்மில் பலர். அதே எக்ஸெல்லில், சுமார் 1,400 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோள் தன் நட்சத்திரத்தை நோக்கிச் சரிந்து கொண்டிருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் அந்த நட்சத்திரத்தைத் தேடுவோம். நான் குடியிருக்கும் மாடம்பாக்கத்தில் மொட்டை மாடியில் நின்றால், தெருவிளக்கு வெளிச்சத்தில் இருபது நட்சத்திரம் தெரிந்தாலே அதிகம். எனவே ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமை டவுன்லோடு செய்து கொண்டேன். இன்ஸ்டால் செய்தபின் எப்6 கீயைத் தட்டி, ஊர் சென்னை என்று கொடுங்கள். எப்2 தட்டினால் வரும் விண்டோவில் பிளக்-இன்ஸ் பகுதிக்குப் போய், எக்ஸோபிளானட்ஸ் என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எப்3 தட்டி, வாஸ்ப்-12 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஆரிகா விண்மீன் கூட்டத்தில், மிதுன ராசிக்குப் பக்கத்தில் அது இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம் தலைக்கு மேலே வரும். ஆனால் மாடிக்கு ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மங்கலானது அது.

இந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் 2008ல் அறிவிக்கப்பட்டது. பெயர் வாஸ்ப்-12பி. வியாழனைவிடப் பெரியது. பூமி சூரியனிலிருந்து 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது, இதுவோ தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 35 லட்சம் கி.மீ. தூரத்திலேயே சுற்றுகிறது. கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. அது நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் சுமார் 1.4 சதவீதம் குறைகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துப் பழையபடி ஆகிறது. இந்தக் குறைவை வைத்துத்தான் எல்லாமே. வாணியம்பாடியிலிருந்து போகும் ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கி, லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கி இரண்டையும் கொண்டு, இந்திய வான் இயற்பியல் மையத்தைச் சேர்ந்த அரித்ரா சக்ரபர்த்தியும் சுஜன் சென்குப்தாவும் ஐந்து கோள்களை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டனர். அந்த ஐந்தில் இதுவும் ஒன்று.

இனி எக்ஸெல். (லிப்ரே ஆபிஸ் கால்க் இருந்தாலும் சரி.) கோள் ஒருமுறை சுற்ற 1.09142 நாள் ஆகிறது. அதாவது 26 மணி 11 நிமிடம் 39 விநாடி. ஏ1 கட்டத்தில் ஒரு தேதியும் நேரமும் டைப் செய்யுங்கள். டிசம்பர் 1, இரவு 9 மணிக்கு மறைப்பு நடந்ததாக வைத்துக் கொள்வோம். ஏ2 கட்டத்தில் சமக்குறி போட்டு, ஏ1 கூட்டல் 1.09142 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். கட்டத்தின் கீழ் மூலையை மவுஸால் பிடித்து ஏ12 வரை இழுத்து விடுங்கள். எண்கள் மட்டும் வந்தால், பார்மட் செல்ஸ் சென்று தேதியும் நேரமும் காட்டும்படி மாற்றிக் கொள்ளுங்கள்.

அடுத்த மறைப்பு 2ம் தேதி இரவு 11.11க்கு. அதற்கடுத்தது 4ம் தேதி அதிகாலை 1.23க்கு. இப்படி விலகி விலகிப் பகலுக்குள் போய்விடும். ஆனால் 12வது வரியைப் பாருங்கள்: 13ம் தேதி இரவு 9.08. பன்னிரண்டு நாள் கழித்து ஏறக்குறைய அதே நேரத்தில் திரும்பி வருகிறது! முதலில் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இப்போது முக்கியமான கட்டம். கோளின் ஈர்ப்பு நட்சத்திரத்தைச் சற்றே புடைக்க வைக்கிறது. அந்தப் புடைப்பு கோளைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் சுற்றும் நேரம் ஆண்டுக்கு 29 மில்லி விநாடி குறைகிறது. கண் இமைப்பதைவிடக் குறைவு. இதை எப்படி அளப்பது? அளக்கவே வேண்டாம், சேர்த்து வைத்தால் போதும். பத்து ஆண்டில் சராசரியாக ஒரு சுற்றுக்கு 0.145 விநாடி குறைவு. பத்து ஆண்டில் 3,347 சுற்றுகள். பெருக்குங்கள்: 485 விநாடி. கோள் 8 நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கிறது.

2016ல் போலந்து வானியலாளர்கள் இந்த விலகலைக் கவனித்தபோது யாரும் உடனே முடிவுக்கு வரவில்லை. சுற்றுப்பாதையே மெல்லத் திரும்பினாலும் நேரம் இப்படி மாறித் தெரியலாம். 2020ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு, கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும் நேரங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான், பாதை சுருங்குவதை உறுதி செய்தது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. டிசம்பரில் பூமி அந்த நட்சத்திரம் இருக்கும் பக்கம் நிற்பதால், மார்ச்சைவிட 8 நிமிடம் முன்னதாகவே ஒளி நம்மிடம் வந்துவிடும். இதைக் கழிக்காமல் விட்டால், ஒன்றுமே நடக்காத கோளும் சரிவது போலத் தெரியும்.

கடைசியாக உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம். ஸ்டெல்லேரியம் அதைத்தான் நம்புகிறது. மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்து போய், என் கம்ப்யூட்டரில் ஒருமுறை ராத்திரி எட்டு மணிக்கு ஸ்கிரீனில் சூரியன் காய்ந்தது. டாஸ்க்பாரில் நேரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தேதி நேர செட்டிங்ஸில் சிங்க் நவ் கிளிக் செய்திடுங்கள்; இணையத்திலிருந்து சரியான நேரம் வந்துவிடும். வாஸ்ப்-12பிக்கு இன்னும் சுமார் 30 லட்சம் ஆண்டு இருக்கிறது, அவசரமில்லை.