ஃபெராராவின் தெருக்கலை விழா

வடக்கு இத்தாலியில், போ ஆற்றுச் சமவெளியில் அமைந்த ஃபெராரா நகரில், சர்வதேசத் தெரு இசைக்கலைஞர் விழா 1988 முதல் நடந்துவருகிறது. ஊரார் பலர் கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிடும் ஆகஸ்ட் மாதம்தான் இதன் காலம்.

விழாவின் களம் பழைய நகரத்தின் நடுப்பகுதி. 1385-இல் கட்டத் தொடங்கிய எஸ்தே கோட்டையும் அதன் அகழியும், பேராலயத்தை ஒட்டிய சதுக்கமும், கல் பாவிய குறுகலான தெருக்களும் அங்கே உள்ளன. யுனெஸ்கோ 1995-இல் இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தெருக்கலைக்கு மேடையோ திரையோ தேவையில்லை. கலைஞர் வாத்தியத்தோடு ஓரிடத்தில் நின்றதும் கூட்டம் அவரைச் சுற்றி வட்டம் கட்டிவிடும். முன்வரிசைக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். இசையோடு வித்தைகளும் கோமாளி ஆட்டமும் உண்டு.

விழா வகுத்த முறைப்படி, அழைக்கப்பட்ட குழுக்களுக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கிடைக்கும், ஊதியம் கிடையாது. பார்ப்பவர்கள் தொப்பியில் போடும் காசுதான் வருமானம். வித்தை முடிந்தவுடன் கூட்டம் கலைந்துவிடும் என்பதால், அனுபவசாலிகள் உச்சகட்ட வித்தைக்குச் சற்று முன்பே தொப்பியை நினைவூட்டிவிடுவார்கள்.

புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் லூச்சோ டாலாவும் 1989-இல் இந்தத் தெருக்களில் நின்று கிளாரினெட் வாசித்தார்.