மூன்று லட்சம் மேற்கோள்கள்

விஞ்ஞான உலகில் ஒருவருடைய கீர்த்தியை அளப்பதற்கு இன்று பெரும்பாலோர் கையாளும் கணக்கு, அவர் எழுதிய கட்டுரையைப் பிற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான். யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1964-இல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியபின் வேரூன்றிய இந்த வழக்கப்படி, 2014-இல் ‘நேச்சர்’ பத்திரிகை வெளியிட்ட வரிசையில் முதலிடம் பெற்றது, டி.என்.ஏ.யின் வடிவத்தை உலகுக்குச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரை அன்று. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவராயிருந்த ஆலிவர் லௌரி, மூன்று சகாக்களுடன் சேர்ந்து 1951-இல் பிரசுரித்த, புரதத்தின் அளவைக் காணும் முறை பற்றிய பதினோரு பக்கக் கட்டுரையே. அதற்குக் கிடைத்திருந்த மேற்கோள்கள் 3,05,148.

அதில் பிரமாதமான தத்துவம் ஏதும் இல்லை. புரதம் கலந்த திரவத்தில் காரத்தையும் சிறிது செம்பு உப்பையும் சேர்த்து, பிறகு ஃபோலின் கரைசலை விட்டால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்ந்திருக்கிறதோ அவ்வளவு புரதம் இருக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஃபோலின் கரைசலைப் புரதத்துக்குப் பயன்படுத்தும் யோசனைகூட லௌரியுடையது அன்று. 1922-லேயே வூ என்பவர் சொன்னது என்று லௌரியே கட்டுரையின் முதல் வாக்கியத்தில் எழுதிவிட்டார். செம்பை மட்டும் நம்பியிருந்த பழைய முறையைக் காட்டிலும் இது நூறு மடங்கு நுட்பமானது என்பதே விசேஷம். வெவ்வேறு புரதங்கள் வெவ்வேறு அளவில் நிறம் தருகின்றன, வேறு பல பொருள்கள் குறுக்கிட்டுக் கணக்கைக் கெடுக்கும் என்னும் குறைகளையும் அவர் மறைக்கவில்லை.

அப்படியானால் மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது? சந்தையில் நெல்லின் விலையைக் கேட்பவன் படி என்ன விலை என்று கேட்பதைப்போல, ஒரு நொதியின் வீரியத்தைச் சொல்லவரும் ஆராய்ச்சியாளன், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆகவே, ஈரலை ஆராய்பவனும் மூளையை ஆராய்பவனும், கிருமியை வளர்ப்பவனும் மருந்தைச் சோதிப்பவனும், தத்தம் துறை எதுவாயினும், என்றாவது ஒருநாள் புரதத்தை அளந்தே தீரவேண்டியிருந்தது. அளந்தவர்கள் லௌரியின் பெயரை எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பதினோரு பக்கங்களைப் புரட்டியிருப்பார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மகத்தான கண்டுபிடிப்புகளின் கதியோ நேர்மாறானது: அவை விரைவிலே பாடப்புத்தகத்தில் ஏறிப் பொதுச்சொத்தாகிவிடுவதால், அவற்றுக்கு ஆதாரம் காட்டுவாரே இல்லாமற் போகின்றனர்.

அச்சேறுமுன்பே இந்த முறை கைக்குக் கை பரவியிருந்தது என்பதும், எழுதியனுப்பியபோது பத்திரிகையினர் சுருக்கித் தரும்படி திருப்பி அனுப்பினார்கள் என்பதும் சுவையான செய்திகள். அது பெரிய கட்டுரை அன்று என்று லௌரியே, விஞ்ஞான வரலாற்றாசிரியர் டெரிக் பிரைஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குக் கிடைத்த வரவேற்பில் தமக்கு அந்தரங்கமான ஒரு குதூகலம் உண்டு என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் உண்மையில் ஆயுளைச் செலவிட்டது வேறு காரியத்தில். சிகாகோவில் 1910-இல் பிறந்து, வைத்தியமும் இரசாயனமும் சேரக் கற்ற அவர், யுத்தகாலத்தில் நியூயார்க்கில் இருந்தபோது, விரல்நுனியில் எடுத்த சில துளி ரத்தத்திலிருந்தே வைட்டமின்களை அளக்கும் முறைகளை ஓட்டோ பெஸ்ஸியுடன் சேர்ந்து வகுத்தார். செயின்ட் லூயிஸுக்கு வந்தபின், மெல்லிய குவார்ட்ஸ் இழையால் ஒரு தராசு அமைத்து, உறைய வைத்து உலர்த்திய ஒற்றை நரம்பணுவை நிறுத்து, அதற்குள் இருக்கும் நொதிகளைத் தனித்தனியே கணக்கிட்டார். மூளையின் ஒவ்வோர் அணுவும் தன் சக்தியை எவ்வாறு செலவிடுகிறது என்ற கேள்விக்கு அளவையால் விடைகாணும் மார்க்கம் இதனால் திறந்தது. இந்தக் கட்டுரைகளை அந்தத் துறையினர் போற்றினர். ஆயினும் ஒற்றை நரம்பணுவை நிறுக்கவேண்டியவர்கள் உலகில் எத்தனை பேர்? கணக்குப் பட்டியலில் நீலநிறக் கட்டுரையின் பக்கத்தில் இவை நெருங்கவே இல்லை.

தம் சுயசரிதைக் கட்டுரைக்கு 1990-இல் அவர் இட்ட தலைப்பு, மேதையாக இல்லாமலே ஆராய்ச்சியில் வெற்றி பெறுவது எப்படி என்பது. அதற்குள் 1976-இல் பிராட்ஃபோர்டு என்பவர் புரதத்தை அளக்க இன்னும் எளிதான ஒரு சாய முறையைக் கண்டு வெளியிட்டிருந்தார். ‘நேச்சர்’ வரிசையில் அது மூன்றாமிடம். இரண்டாமிடத்தில் நிற்கும், லெம்லி என்பவரின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையும் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஒரு செய்முறையைப் பயன்படுத்தியதற்காகவே மேற்கோள் பெறுகிறது.