நள்ளிரவில் அலறும் கருவியும் ஒரு கணக்கும்

சில மாதங்களுக்கு முன்பு, நாங்கள் கண்ணயர்ந்த சிறிது நேரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையிலுள்ள எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. மருமகள் ஓடிச்சென்று மின்விளக்கின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். "லைட்டைப் போடாதேம்மா" என்று என் மனைவி தடுத்துவிட்டார். இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பேரக்குழந்தைகளுடன் கீழே இறங்கினோம். கசிவு ஏதுமில்லை; படுக்கப் போகுமுன் அடித்த கரப்பான்பூச்சி மருந்தே காரணம். கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்றார் மகன். கூடாது என்றேன்.

இத்தகைய கருவிகள் பலவற்றில் இருப்பது டின் ஆக்சைடு உணரி. ஜப்பானியரான நாவோயோஷி தகுச்சி 1962-இல் கண்டறிந்தது. சூடேற்றப்பட்ட அந்த உணரியின்மீது எரியக்கூடிய வாயு பட்டால் அதன் மின்தடை குறையும். அந்த மாற்றமே ஒலியாகிறது. சானிடைசரின் ஆல்கஹால் ஆவிகூட அதை எழுப்பிவிடும். பூச்சிமருந்துப் புட்டிகளில் மருந்தை உந்தித் தள்ளப் பெரும்பாலும் நிரப்பப்படுவது சமையல் எரிவாயுவின் உறவான வாயுக்களே. ஆகவே, அன்று கருவி பொய் சொன்னது என்றுகூடக் கூறிவிட முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டாக, ஆயிரம் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு வீட்டில் உண்மையான கசிவும், இருபது வீடுகளில் வீண் ஒலியும் நேர்வதாகக் கொள்வோம். இருபத்தொரு அலறல்களில் இருபது வீண். அபாயம் அரிதாக இருக்கும்போது, நல்ல கருவியிலும் வீண் ஒலிகளே மிகுதியாக இருக்கக்கூடும். வீண் ஒலி ஒவ்வொன்றுக்கும் நாம் தரும் விலை அரைமணி நேரத் தூக்கம். அந்த ஒற்றை உண்மை ஒலியைத் தவறவிட்டால் தரும் விலை ஒரு குடும்பம். அடுக்ககமானால், கருவியைப் பிடுங்கும் முடிவில் பங்கே இல்லாத அண்டை வீட்டாரும் அந்த விலையைக் கொடுப்பார்கள். இதைத்தான் பொருளாதாரத்தில் புறவிளைவு என்கிறோம்.

மூக்கு இருக்கிறதே என்பார்கள். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தே நாற்றமூட்டுகிறார்கள். ஆனால், உறங்குபவரை நாற்றம் எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. ஏ.சி. அறையின் கதவும் சாத்தியிருந்தால் சொல்லவே வேண்டாம். (கீச்சென்ற ஒலியும் என் வயதினரின் காதில் எளிதில் விழுவதில்லை. முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன்தான்.)

கருவியைப் பொருத்தும் இடமும் முக்கியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். எனவே, கருவி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியைப்போல் கூரையருகே மாட்டினால், காலடியில் தேங்கும் வாயு அதை எட்டத் தாமதமாகும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு நேர்மாறானது. அது காற்றைவிட லேசான மீத்தேன் என்பதால் கருவி உயரத்தில் இருக்க வேண்டும். உருளையிலிருந்து குழாய் இணைப்புக்கு மாறும் வீடுகள் இதைக் கவனித்தாக வேண்டும்.

காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே இந்த வாயு தீப்பற்றும் நிலையை அடைகிறது. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி எழும். நாம் எதையும் தொடாவிட்டாலும் குளிர்சாதனப் பெட்டி தானே இயங்கத் தொடங்கும். ஆகவே, காரணத்தை உள்ளே நின்று ஆராயக் கூடாது. வெளியே வந்த பிறகே கைப்பேசியில் 1906 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் உருளை, ரெகுலேட்டர், ரப்பர் குழாய் ஆகியவற்றை ஏழைக் குடும்பங்கள் வைப்புத்தொகை இன்றிப் பெறுகின்றன. எச்சரிக்கைக் கருவி அந்தப் பட்டியலில் இல்லை. சமைப்பதும் உறங்குவதும் ஒரே அறையில் என்றிருக்கும் வீடுகளுக்குத்தான் அது முதலில் தேவை. மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை கணிசமாகக் குறையும். எண்ணெய் நிறுவனங்கள் இதைப் பரிசீலிக்கலாம்.