தூரிகைத் தடம் – 17: மிட்டாய்க்கும் ரேஷன்

1952-இல் லண்டனில் மிட்டாய்கூட ரேஷன் அட்டைக்குத்தான் கிடைத்தது. போர் முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் அங்குள்ள சமகாலக் கலைக்கழகத்தில் இளம் கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் கூடியிருந்தபோது, எடுவார்டோ பாலோஸி தான் சேர்த்துவைத்திருந்த அமெரிக்கப் பத்திரிகைப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். பளபளக்கும் கார்கள், டப்பா உணவு, விளம்பர அழகிகள், இயந்திர மனிதர்கள். விளக்கம் என்று அதிகம் பேசவில்லை. ஐஸ்கிரீம் கடைக்காரரின் மகனான அவருக்கு வண்ணக் காகிதத்தின் மயக்கம் தெரியாதா என்ன!

1947-லேயே அவர் வெட்டி ஒட்டிய படம் ஒன்று உண்டு. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளை நோக்கி ஒரு கைத்துப்பாக்கி நீள்கிறது. அதிலிருந்து கிளம்பும் வெண்புகைக்குள் 'பாப்!' என்று எழுதியிருக்கிறது. கீழே கோகோ கோலா பாட்டில். பின்னால் வந்த பாப் கலை இயக்கத்துக்குப் பெயரும் பொருளும் அந்த அட்டையிலேயே தயாராக இருக்கின்றன.

1956-இல் ஒயிட்சேப்பல் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி. அதற்காக ரிச்சர்ட் ஹாமில்டன் செய்த ஒட்டுப்படம் ஒரு சாணைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். நவீன வீட்டின் கூடம். நடுவில் ஜட்டியோடு நிற்கும் ஆணழகன், டென்னிஸ் மட்டை பிடிப்பதுபோல ஒரு ராட்சத லாலிபாப்பைப் பிடித்திருக்கிறான். அதன்மேலும் 'பாப்'. சுற்றிலும் டிவி, டேப் ரிக்கார்டர், மேசையில் டப்பா இறைச்சி. கேலி செய்கிறாரா, ஏங்குகிறாரா? இரண்டும் என்றே எனக்குப் படுகிறது.

இந்த ஏக்கம் அமெரிக்காவில் இல்லை. அங்கே டப்பா அன்றாடச் சாப்பாடு. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில் ஆண்டி வார்ஹோல், கேம்ப்பெல் சூப்பின் 32 வகைகளை 32 ஓவியங்களாக்கி, மளிகைக் கடை மாதிரி தாங்குபலகையில் வரிசையாக நிறுத்தினார். அச்சடித்ததுபோலத் தெரிந்தாலும் தூரிகையால் தீட்டியவை. டப்பாவின் அடிவிளிம்பில் ஓடும் பூ வரிசைக்கு மட்டும் முத்திரை குத்தினார். அதன்பிறகுதான் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மாறினார். நம் ஊர் மஞ்சப்பையில் ஜவுளிக்கடைப் பெயரை அடிக்கிறார்களே, அதே தொழில்தான்.

ஓவியம் ஒன்று 100 டாலர். பக்கத்து வியாபாரி நிஜ டப்பாக்களை அடுக்கிவைத்து, இங்கே மலிவு என்று நக்கலடித்தார். போணி ஆனது ஐந்தோ என்னவோ. கேலரிக்காரர் இர்விங் பிளம் அவற்றையும் திரும்பப் பெற்று, மொத்தத்தையும் 1000 டாலருக்கு, மாதம் நூறு என்ற தவணையில் தானே வாங்கிக்கொண்டார். 1996-இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது மதிப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர்.

அடுத்த வாரம் ராய் லிக்டன்ஸ்டைன். அதற்குள் செய்தித்தாளின் வண்ணப்படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள். அதில் தெரியும் புள்ளிகளிலிருந்துதான் அவர் கதை தொடங்குகிறது.